சூசைமாணிக்கம் போட்ட ரயில் பாதை

ஏற்காட்டுக்கு ரயில் வந்துவிட்டது என்று ஊரில் முதலில் சொன்னவன் டீக்கடை வெங்கடாசலம்தான். சூசைமாணிக்கத்தின் கொட்டகையில் தண்டவாளம் போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன் கடைசியில் பொம்மை ரயிலுக்கு டிரைவராகிவிட்டாரே என்று ஒரு கேலி. பிள்ளையைப் பறிகொடுத்ததில் புத்தி பிசகிவிட்டது, பாவம் என்று ஒரு பரிதாபம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம் ஜனங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்தப் பேச்சைப் பக்கத்து பேக்கரியில், கவுண்டருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் லூர்துசெல்வி. சூசைமாணிக்கத்தின் மருமகள். செத்துப்போன ஜேசுதாஸின் மனைவி. காதில் விழாதவள் மாதிரி ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மாமனாரைப் பற்றிப் பேசும்போது இவர்கள் சத்தமாகத்தான் பேசினார்கள். அவளைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் இறங்கும். இறங்கிய குரல்தான் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

நடந்தது இதுதான். ஜேசுதாஸுக்கு ரயில்வேயில் டிராக்மேன் வேலை. போல்ட்டை முடுக்குவது, ஜல்லி தள்ளுவது, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்வது. முதல் ஒன்றரை வருஷம் சமவெளியில் போட்டிருந்தார்கள். அப்புறம் மலையின் வடக்கு அடிவாரத்தில் ஒரு வளைவுக்கு மாற்றினார்கள். அங்கே மலையின் ஓரத்தை வெட்டி இரட்டைப் பாதை போட்டிருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, மறு பக்கம் சரிவு. பாறையை ஒட்டி உள் லைன், சரிவை ஒட்டி வெளி லைன். அன்று ஜேசுதாஸ் வெளி லைனில் வேலையாக இருந்தான். அதே லைனில் வண்டி வந்தது. ஒதுங்குவதற்குச் சரிவுப் பக்கம் அகலமான நடைபாதை அவன் காலடியிலேயே இருந்தது. அதில் இறங்காமல் பாறைப் பக்கம் திரும்பி உள் லைனில் ஏறினான். அந்த லைனில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். இரண்டு ரயில்களின் இரைச்சலில் அது எடுபடவில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் பத்திரமான இடம் இருக்க, எதற்காக அந்தப் பக்கம் போனான்? எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். அவன் போனைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வந்த அழைப்பு லூர்துசெல்வியுடையது. ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. பெண்டாட்டி கூப்பிட்டாள், பேச்சு மும்முரத்தில் எதிர் லைனில் கால் வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள்.

கூப்பிட்டது உண்மைதான். "சனிக்கெழம வருவீங்களா?" என்று கேட்டாள். "வேலையா இருக்கறேன், பொறவு கூப்புடறேன்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அவன் வைத்த பிறகுதான் வண்டி வந்தது என்று அவள் சொன்னால் தலையாட்டினார்கள். நம்புகிறவர்கள் அப்படித் தலையாட்ட மாட்டார்கள்.

மாமியார் சவரியம்மா குத்தலாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். மருமகளின் போன் அடித்தால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். மணி ஓய்ந்த பிறகுதான் உள்ளே வருவாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தாலும் சரி. பொறுத்துப் பார்த்த லூர்துசெல்வி ஒருநாள் போனைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். அதற்கப்புறம் அதற்கு அதுதான் இடம். ஆத்தூரிலிருந்து அவள் அம்மா கூப்பிடும்போது அரிசிக்குள்ளிருந்து அமுங்கலாகச் சத்தம் வரும். அதற்கும் சவரியம்மா எழுந்து போனாள்.

"மாப்பிள்ளையோட வருசப் பூசை முடிஞ்சதும் வந்துரு" என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் போனைப் போட்டுப் புருஷனைக் கொன்றவள் என்ற பேரோடு மலையிறங்க லூர்துசெல்விக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வீட்டில் ஒருவராவது அவளை நம்ப வேண்டும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ரயில் வந்த கதைக்கு வருவோம். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். அடுப்புக்குப் போக இருந்த ஒரு மரப்பெட்டியைக் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டுச் சூசைமாணிக்கம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே பழங்காலத்துச் சீமை பொம்மை ரயில். இரண்டு என்ஜின், கொஞ்சம் பெட்டிகள், துண்டு துண்டாகத் தண்டவாளம். என்ஜின் உள்ளங்கையில் அடங்கும், ஆனால் கனம். மாட்டை விற்றதிலிருந்து கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கூட்டிச் சுத்தம் செய்து, தரையில் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். போடுவார், எட்ட நின்று பார்ப்பார், காலால் அழிப்பார், மறுபடி போடுவார். என்ன பாதை இது என்று லூர்துசெல்வி கேட்டதற்கு, "பாக்கலாம் கண்ணு" என்றார்.

சில்வர் ஓக் பலகையில் மேடை அடித்தார். ரேடியோ ரிப்பேர் கடையில் சொல்லி, ரயிலுக்கு ஒன்றாக இரண்டு டிரான்ஸ்பார்மர் செய்து வாங்கினார். முதல் என்ஜினை ஓட்டிய அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. பாதைக்கு அவர் வைத்திருந்த ஏற்றம் அசல் ஏற்காட்டு ரோடு. என்ஜின் பாதி தூரம் ஏறியது, நின்றது, சக்கரம் மட்டும் சுற்றியது, பிறகு பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வந்து அவர் கையில் விழுந்தது.

"செகண்ட் கியர் போடாம விட்டுட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டாள் லூர்துசெல்வி. கேட்ட பிறகுதான், தான் சிரித்துக்கொண்டே கேட்டதை உணர்ந்தாள். அவன் போனதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சூசைமாணிக்கமும் சிரித்தார்.

"நாப்பது டன்னு லோடு வந்தாலும் ஏத்திருவேன்னு நெனச்சுப் போட்டுட்டேன் சாமி. பஸ்ஸுக்கு ரோடு போட்ட மாதிரி ரயிலுக்குப் போட்டா ஆவுமா? புத்தி மாறோணுமல்ல."

ஏற்றத்தைப் பெயர்த்து, கண்ணுக்கே தெரியாத சாய்வாக மாற்றினார். பேக்கரி வேலை முடிந்து வந்த பொழுதுகளில் அவளும் கூடச் சேர்ந்தாள். ஓடை மணலை டீ வடிகட்டியில் சலித்து, ஒரே அளவான பொடிக்கல்லைத் தனியாக எடுத்துத் தண்டவாளத்துக்கு நடுவே பசை வைத்துப் பரப்ப வேண்டும். கோழிவலையை வளைத்து, மைதாப் பசையில் நனைத்த பேப்பரை மேலே ஒட்டினால் மலை. காய்ந்த காப்பிச் சக்கையைத் தூவினால் மண். மரத்தில் உரித்த பாசி புதர். இரண்டு பாதைகளும் அருகருகே வளைந்து போய், ஒரு கறுப்புத் துணிக்குப் பின்னால் மறைந்து, சுற்றிக்கொண்டு திரும்பி வரும். கை வேலையில் இருக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. சவரியம்மா மட்டும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூவரும் கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். வளைவில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. லூர்துசெல்வி ரோட்டின் வெளி ஓரத்துக்கு, வெளிச்சமாகத் திறந்திருந்த பக்கத்துக்கு ஒதுங்கினாள். சடக்கென்று ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தது.

"மலைப்பக்கம் வா புள்ள! பள்ளத்துப்பக்கம் ஆராவது ஒதுங்குவாங்களா?"

சவரியம்மாதான். லாரி போனதும் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். அந்த வருஷத்தில் மாமியார் அவளைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். லூர்துசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் ஜேசுதாஸும் இதே ரோட்டில் இப்படித்தான் இழுத்தான், "சமவெளிக்காரிக்கு உசுரு மேல ஆசையே இல்லையாட்டம்" என்று சிரித்தான். கை பட்ட இடத்தைப் பூசை முடியும்வரை அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.

பாறை எழும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சூசைமாணிக்கம் பாதையின் உள் பக்கம் செங்குத்தாக ஒரு பாறையை நிறுத்தி, அதற்குக் கருஞ்சாம்பல் பூசினார். வளைவு தொடங்கும் இடத்தில் ஹார்ன் அடிக்கச் சொல்லும் மஞ்சள் பலகையைக் குச்சியில் நட்டார். பாறைக்கு மேலே, இலையே இல்லாமல் ஒரு மரம். அந்த மரத்தை அவள் பார்த்திருக்கிறாள். அவனை அடக்கம் செய்த மறுநாள் பூவோடு அந்த இடத்துக்குப் போனபோது, கீழே பார்க்க மாட்டாமல் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. இத்தனை நாளும் தன் புருஷன் செத்த இடத்துக்குத் தானே ஜல்லி சலித்துக் கொட்டியிருக்கிறாள்.

"எதுக்குங்க மாமா இது?"

அவர் திரும்பவில்லை. "எனக்குத் தெரியோணும் கண்ணு. எடம் இக்கட்டால இருக்கறப்ப அவன் எதுக்கு அக்கட்டால போனான்னு தெரியோணும். அங்க போய் நின்னு பாத்தேன். கண்ணு மறைச்சுருது, ஒண்ணும் தெரியல. அதான் இங்க கொண்டாந்துட்டேன்."

"அவரு போனை வெச்சுட்டாருங்க. எத்தனை தடவ சொல்றதுங்க?"

"நம்போணும்னுதான் எனக்கும் ஆசை."

ஆசை என்றார். நம்பிக்கை என்று சொல்லவில்லை. கெட்டவர் அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இவர் நல்லவர், அதனால் நெஞ்சில் நேராக இறங்கியது. அறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். கணக்குப் பார்க்கத்தான் போகிறார் என்றால், கூடவே நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். தீர்ப்பு தனக்கு எதிராக வந்தால் மறுநாள் காலை முதல் பஸ்.

வருஷப் பூசைக்கு முந்திய ஞாயிறு, மதியம். பாதை தயாராகிவிட்டது. காப்பிச்செடிக் கட்டையில் செதுக்கிய ஒரு பொம்மையைச் சூசைமாணிக்கம் மடியிலிருந்து எடுத்தார். விரல் நீளம். டிராக்மேன்கள் போடுவது போல ஆரஞ்சுச் சட்டை பூசியிருந்தார். முகம் வரையவில்லை. அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

பொம்மையை வெளி லைனில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு ரயில்களையும் ஓட்டினார். வெளி லைனில் ஒன்று, உள் லைனில் எதிர்த்திசையில் ஒன்று. துணிக்குப் பின்னால் போய், வந்து, போய், வந்து. வளைவில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டும்போது எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. அது அவர் எதிர்பார்த்ததுதான். ஆனால் அது போதவில்லை. வெளி லைனில் வந்த வண்டியை அவன் பார்த்திருக்கிறான், பார்த்துத்தான் ஒதுங்கியிருக்கிறான். கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது. பொம்மையைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ வெச்சுப் பாரு கண்ணு. வண்டி வருது. ஒதுங்கு" என்று அவளிடம் நீட்டினார்.

லூர்துசெல்வி அதை வாங்கினாள். பொம்மையை வெளி லைனில் நிறுத்தினாள். ரயில் வந்தது. பொம்மையைத் தூக்கிச் சரிவுப் பக்கம், நடைபாதையில் வைத்தாள். ரயில் போய்விட்டது. பொம்மை நின்றது.

"ஏன் அங்க வெச்சே?"

"எடம் அங்கதானுங்களே இருக்குது."

"ஆமா" என்றார் தளர்ந்துபோய். "எடம் அங்கதான் இருக்குது."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சுயநினைவு உள்ளவன் எவனும் அந்தப் பக்கம்தான் ஒதுங்குவான், ஒதுங்கவில்லை என்றால் நினைப்பு வேறெங்கோ இருந்திருக்கிறது, வேறெங்கே, போனில். தன் கையாலேயே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள். கட்டிலுக்குக் கீழே இருக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அப்போதுதான் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. சவரியம்மா. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள் பாறையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மருமகள் கையிலிருந்த ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. வந்து பொம்மையை வாங்கி, புடவைத் தலைப்பில் துடைத்தாள். தூசி ஒன்றும் இல்லை.

"எங்க நின்னான்?"

சூசைமாணிக்கம் வெளி லைனைக் காட்டினார். பொம்மையை அங்கே நிறுத்தி, அதன் பின்னாலேயே குனிந்து நின்றாள். ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. துணியை விலக்கிக்கொண்டு வெளி லைனில் என்ஜின் வந்ததும், "அய்யோ சாமி, வண்டி!" என்று அலறியபடி பொம்மையை அள்ளி, ஒரு கணம் யோசிக்காமல், பாறையோடு ஒட்டி வைக்கப் போனாள். எடுத்த வேகத்தில் அது உள் லைனில் இடறியது. எதிர்ப்பக்கமிருந்து வந்த மற்ற என்ஜின் அதை அடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பலகைக்குப் பக்கத்தில் போட்டது.

சூசைமாணிக்கம் இரண்டு ஸ்விட்சையும் அணைத்தார். கொட்டகை அமைதியாகிவிட்டது.

"ஏன் சவரி அங்க கொண்டு போனே?" அவர் குரல் அவருடையது போலவே இல்லை.

"பின்ன எங்க வெக்கறதுங்க? மலைப்பக்கந்தானே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்ட கை அப்படியே நின்றது.

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. மலையில் பிறந்தவன். நடக்கக் கற்ற நாளிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் கால் தானாக மலைப்பக்கம் போகும். சமவெளியில் வேலை செய்த ஒன்றரை வருஷமும் மலை இல்லை, வம்பு இல்லை; ரயில்வேயில் சொல்லிக் கொடுத்தபடி ஒதுங்கினான். இந்த வளைவுக்கு வந்ததும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வண்டி வந்தது. சொல்லிக் கொடுத்ததை மூளை தேடுவதற்குள், வளர்த்த வளர்ப்பு காலைத் திருப்பிவிட்டது.

"இடுப்புல இருக்கறப்பவே சொல்லிக் குடுத்தனே" என்றாள் சவரியம்மா. "எஸ்டேட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப, மலைப்பக்கம் மலைப்பக்கம்னு பாட்டாவே சொல்லுவனே. நாந்தானே அவனை அங்க கொண்டு வுட்டது."

"நீ மட்டுமா?" என்றார் சூசைமாணிக்கம். "ஓரத்துல நின்னான்னு ஒருக்கா பஸ்ஸ நிறுத்தி எறங்கி அடிச்சிருக்கறேன் அவனை." மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லூர்துசெல்விக்கு முதலில் வந்தது கோபம்தான்; அதை மறைப்பானேன். ஒரு வருஷம். பேக்கரியில் இறங்கிய குரல்களும், அரிசி டிரம்மும், எழுந்து எழுந்து வெளியே போன அந்த முதுகும். இப்போது தெரிந்ததா என்று கேட்கலாம். எழுந்து வெளியே போய்விடலாம், அவர்களும் அப்படி இருந்து பார்க்கட்டும் என்று விடலாம். அந்த எண்ணம் இனிப்பாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அந்த மூவரில் அவளுக்குத்தான் தெரியும். தூக்கத்தில்கூட அவள் இறக்கி வைக்காத சுமை அது. யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று ஒரு வருஷமாக அவள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

குனிந்து பொம்மையை எடுத்தாள். சட்டையில் சாயம் கொஞ்சம் உரிந்திருந்தது. அதை மாமியாரின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"அத்தை. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க அவரை இத்தனை வருசம் அந்த ரோட்டுல உசுரோட வெச்சுது. இல்லீன்னா எனக்கு அவரு கெடைச்சே இருக்க மாட்டாருங்க."

சவரியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து, ஒரு வருஷமாக அழாத அழுகையை அழுதாள். அடக்கத்தன்றுகூட அந்த அம்மாள் அப்படி அழவில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அரிசிக்குள்ளிருந்து, அமுங்கலாக. ஆத்தூர் அம்மா ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடும் நேரம். லூர்துசெல்வி அசையாமல் நின்றாள். சவரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசலுக்கல்ல, வீட்டுக்குள். டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

துண்டைப் பிரித்து, ஒட்டியிருந்த தவிட்டை ஊதிவிட்டு, இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"எடு கண்ணு. அம்மாவாத்தான் இருக்கும். பேசு."

அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.